பி.பி. நம்பர்

எங்கள் சந்துக்கு ஒரே போன்.
அது எங்கள் சாக்குக் கடையில்
கல்லாவுக்குப் பக்கத்தில்
டயலில் சின்னப் பூட்டு மாட்டிக்கொண்டு
சணல் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும்.
இரண்டு நான்கு நான்கு ஒன்று ஏழு.
தெற்கு மாசி வீதிக்குப் பின்னால்
பதினாறு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அதே எண்தான்,
பக்கத்தில் பி.பி. என்று போட்டு.

போகிற காலுக்குப் பூட்டு.
வருகிற காலுக்கு நான்.
ரிசீவரை அய்யா மேசையில் படுக்க வைப்பார்,
நான் ஓடுவேன்.
டிரங்கால் என்றால் மூன்று நிமிஷம்,
அதில் பாதி என் கால்களுக்கே போய்விடும்.

சாயப்பட்டறை கிருஷ்ணாராம்
முழங்கை வரை நீலமாக வந்து
ரிசீவரைத் தோளில் இடுக்கி
"காய், காய்" என்று கத்துவார்.
சேலத்துக்குக் கேட்க வேண்டுமென்றால்
சேலம் வரைக்கும் கத்த வேண்டும் அவருக்கு.

தையல்கடை செய்யது இபுராகிம்
குவைத்திலிருக்கும் மகனிடம்
"நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" தவிர
வேறெதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.
வைத்த பிறகு அய்யாவிடம் சொல்வார்
மூட்டுவலியை, வாடகைப் பாக்கியை,
மூத்தவளுக்கு வந்த வரன் தட்டிப்போனதை.

இஸ்திரி வண்டி இருளாயிக்கு
போன் என்றாலே சாவுதான்.
என் தலை தெரிந்ததும் ஒப்பாரியை ஆரம்பித்துவிடுவாள்.
ஒருமுறை ராங் நம்பர் என்று தெரிந்ததும்
முந்தி முடிச்சை அவிழ்த்து
எனக்கு எட்டணா கொடுத்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மட்டும்
பேர் சொல்லாத ஒரு ஆள்.
"மாடி டீச்சரைக் கொஞ்சம் கூப்பிடேன் பாப்பா."

மாடியில் அருணோதயா டைப்ரைட்டிங்.
பதினேழு படி, ஏணி மாதிரி.
சிந்தாமணி டீச்சர் என்னைப் பார்த்ததும்
ரிப்பனைச் சரிசெய்யப் போகிறவர்போல எழுந்து
விரலில் மசியோடு இறங்குவார்.
வயரை இழுத்துக்கொண்டு சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய்
"ம்" என்பார்.
கொஞ்சம் கழித்து, "ம்."
யாரென்று சந்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.
டீச்சர் இறங்கினால் மணி நாலு,
அவ்வளவுதான்.

அன்று அய்யா வசூலுக்குப் போயிருந்தார்.
எனக்கு இரண்டு உள்ளங்கையிலும்
இரண்டு பாதத்திலும் மருதாணி,
ஈரம் காயவில்லை.
மணிக்கட்டால் ரிசீவரைத் தூக்கிக்
காதோடு சாய்த்துக்கொண்டேன்.
பதினேழு படியை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன்.
"டீச்சர் இல்லையே."

அதே நேரம் பலகைத் தட்டுக்கு மேலே
பதினோரு மிஷின் சத்தத்தையும் தாண்டி
டீச்சர் குரல்:
"கீயைப் பாக்காதே.
கீயைப் பாக்காம அடி."

எனக்குக் கேட்டது.
அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் இருந்தது,
பிறகு "சரி பாப்பா."

மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது.
பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு
பத்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டு இறங்கினார் டீச்சர்.
அதற்கடுத்த வாரம் சாக்கு என்ன விலை என்று.
டைப்ரைட்டிங்குக்கு எதற்குச் சாக்கு என்று அய்யா கேட்கவில்லை,
விலை மட்டும் சொன்னார்.
தீபாவளி வரை இறங்கிக்கொண்டிருந்தார்.

எண்ணுக்கு முன்னால் ஒன்று சேர்ந்தது, பிறகு இன்னொன்று.
பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்து
எங்கள் மணி அடிப்பது குறைந்தது.
இப்போது அந்த இடத்தில் மொபைல் கவர் தொங்குகிறது.

போன மாசம் என் கவுண்டருக்கு வந்தார்,
ஆயுள் சான்றுக்கு.
என்னைத் தெரியவில்லை, பேரைச் சொன்னேன்.
"சாக்குக் கடைப் பாப்பாவா!"
மூக்குக் கண்ணாடியைப் பையில் துழாவிக்கொண்டே
படிவத்தில் தொலைபேசி என்ற கட்டத்தில்
எழுதினார்:
இரண்டு நான்கு நான்கு ஒன்று ஏழு.

"டீச்சர், இது..."
குனிந்து பார்த்துச் சிரித்தார்.
"அட, விரல் தானாப் போயிருச்சும்மா."

வேறு படிவம் எடுத்துக் கொடுத்தேன்.
பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள்.
அடித்த படிவத்தைக் கிழித்துப் போட வேண்டும், அதுதான் விதி.
டிராயரில் இருக்கிறது.